பெரிய காலுக்கு வழுக்காத ஆபீஸ் ஷூ: எங்கே தகராறோ அங்கிருந்து சரிபார்க்கலாம்

எட்டாம் நம்பர் கால்காரர் ஷூ வாங்கப் போனால் கறுப்பா பழுப்பா, லேஸா லோஃபரா என்று யோசிப்பார். நாம் கேட்பது ஒரே கேள்வி: "இதுல பன்னிரண்டு இருக்கா?" இருக்கிறது என்றால் அதுதான் நம் ஷூ. கால் உள்ளே போய்விட்டதே என்ற நன்றியிலேயே காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அடுத்த ஆறு மாதத்தில் வரும் தொல்லைகளில் பாதி அந்த நன்றியில் பிறந்தவைதான்.

என் கால் நீளம் 298 மி.மீ. என் அக்காவுக்கு 273. எங்கள் இருவருக்கும், எங்களிடம் யோசனை கேட்டவர்களுக்கும் திரும்பத் திரும்ப வந்த தகராறுகளை அறிகுறி வாரியாக இங்கே பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு பிடிப்பது கடைசியில். உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

எதற்கும் முன்: காலை அளந்துவிடுங்கள்

மாலையில் அளக்கவும். நாள் முழுக்க நின்று நடந்த கால், காலையில் இருந்ததைவிடச் சற்று வீங்கியிருக்கும். ஆபீஸுக்குப் போடும் அதே சாக்ஸோடு, குதிகால் சுவரில் படும்படி ஒரு தாளின்மேல் நில்லுங்கள். உட்கார்ந்து எடுத்தால் கணக்கு தப்பும். உடல் எடை இறங்கினால்தான் பாதம் முழுதாக விரியும். மிக நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள் (சிலருக்கு அது இரண்டாவது விரல்). பெருவிரல் அடிமூட்டிலிருந்து சுண்டுவிரல் அடிமூட்டு வரை அகலத்தையும் குறியுங்கள். இரண்டு காலையும் அளக்க வேண்டும். பெரியது எதுவோ அதற்குத்தான் ஷூ.

தோராயக் கணக்கு இது:

- 265 மி.மீ.: யூகே 8, ஐரோப்பிய 42
- 280 மி.மீ.: யூகே 10, ஐரோப்பிய 44 அல்லது 44.5
- 290 மி.மீ.: யூகே 11, ஐரோப்பிய 46
- 298 மி.மீ.: யூகே 12, ஐரோப்பிய 47

அமெரிக்க எண் ஆண்களுக்கு யூகே எண்ணைவிடப் பொதுவாக ஒன்று கூடும். பெண்களுக்கு இரண்டோ, இன்னும் சற்று அதிகமாகவோ கூடும். யூகே முறையில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி மூன்றில் ஒரு அங்குலம், அதாவது ஏறக்குறைய 8.5 மி.மீ. ஐரோப்பிய முறையில் 6.7 மி.மீ. இரண்டும் வேறு வேறு படிக்கட்டு என்பதால் மாற்று அட்டவணைகள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போவதில்லை. பெட்டியில் மி.மீ. அளவு போட்டிருந்தால் அதை நம்புங்கள், மற்ற எண்களை அப்புறம் பார்க்கலாம்.

அறிகுறி: "என் நம்பரே கிடைப்பதில்லை"

*உண்மையிலேயே நீளம்தானா?*

9 இறுக்கியது, 10 இறுக்கியது, 11 சரியாக இருந்தது என்று ஏறிப் போனவர்களில் பலருக்கு நீளம் 10 தான். அகலம் வேண்டி நீளத்தை வாங்கியிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க, இப்போது போடும் ஷூவின் இன்சோலை (உள்ளே பாதம் படும் அடித்தகட்டை) உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். விரலுக்கு முன்னால் 10 முதல் 12 மி.மீ. இடம் இருந்தால் நீளம் சரி. 20 மி.மீ.க்கு மேல் காலியாக இருக்கிறது, ஆனால் பாதம் இருபக்கமும் இன்சோலைத் தாண்டி வழிகிறது என்றால் நம்பரைக் குறைத்து அகல ஃபிட்டிங் தேடுங்கள். அமெரிக்க முறையில் ஆண்களுக்கு டி, பெண்களுக்கு பி சாதாரண அகலம். இ, இஇ, இஇஇஇ என்று போகப் போக அகலம் கூடும். யூகே முறையில் எஃப், ஜி, எச் என்று எழுத்து ஏற ஏற அகலம். நம்பர் ஒன்று இறங்கினாலே கண்ணுக்குத் தெரியும் ஷூக்களின் எண்ணிக்கை சட்டென்று கூடிவிடும்.

*நீளம்தான் என்றால், பெண்களுக்கு*

பெண்கள் பிரிவு பல இடங்களில் 41 அல்லது 42 உடன் முடிந்துவிடும். ஆண்கள் பிரிவில் 42 சாதாரண நடு அளவு. லேஸ் வைத்த டெர்பி, எளிய லோஃபர், கணுக்கால் வரை வரும் செல்சீ போன்றவற்றில் ஆண், பெண் வித்தியாசம் பார்வைக்குப் பெரிதாகத் தெரியாது. உள்ளே ஒரு வித்தியாசம் உண்டு: ஆண்களுக்கான அச்சில் (ஷூவைத் தைக்க உதவும் கால் வடிவக் கட்டையில்) குதிகால் பகுதி பொதுவாக அகலம். அக்கா ஆண்கள் லோஃபர் வாங்கி ஒரே வாரத்தில் கைவிட்டதற்கு அதுதான் காரணம். லேஸ் ஷூவுக்கு மாறியதும் பிரச்சினை தீர்ந்தது.

*நீளம்தான் என்றால், எல்லோருக்கும்*

ஃபேஷன் ஷூ வரிசையை விட்டு, வேலைக்கான ஷூ வரிசைக்குப் போங்கள். பெரிய காலோடு அங்கே போக எனக்குப் பல வருடம் தோன்றவே இல்லை. வேலை ஷூ என்றாலே இரும்பு மூக்கு வைத்த கனத்த பூட்ஸ் என்று நினைத்திருந்தேன். இரும்போ அதற்கு ஈடான கெட்டிப் பொருளோ வைத்த மூக்கு உள்ளது, சர்வதேசத் தரவிதியில் ஐஎஸ்ஓ 20345 வகை. அது இல்லாத வகை ஐஎஸ்ஓ 20347. சமையலறை, மருத்துவமனை, ஹோட்டல் வரவேற்பு என்று நாள் முழுக்க நிற்பவர்கள் போடுவது இதைத்தான். இதில் சாதாரணக் கறுப்பு டெர்பி மாதிரியே இருக்கும் மாடல்கள் உண்டு. சீருடை போடும் எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்பதால் 47, 48 வரை சகஜமாகத் தயாரிக்கிறார்கள். வழுக்காத சோலும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும்.

*எப்போது செய்யச் சொல்லிக் கொடுப்பது?*

இரண்டு காலுக்கும் இடையே ஒரு நம்பருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அல்லது மேலே சொன்ன எதிலும் உங்கள் நீளம் அடங்காவிட்டால். இதிலும் இரண்டு வகை உண்டு. ஏற்கெனவே இருக்கும் அச்சில் உங்கள் நம்பருக்குத் தைத்துத் தருவது செலவு குறைவு. உங்கள் காலுக்கென்றே அச்சு செதுக்குவது செலவு அதிகம். நீளம் மட்டும் பிரச்சினை என்றால் அது தேவையில்லை.

அறிகுறி: முன்னால் விரல் இடிக்கிறது, பின்னால் குதிகால் கழல்கிறது

ஒரே ஷூ எப்படிச் சின்னதாகவும் பெரியதாகவும் இருக்கும் என்று கேட்பார்கள். பெரிய காலில் இது ரொம்ப சகஜம். பெரும்பாலும் காலே முன்னோக்கிச் சறுக்கிப் போய் இடிக்கிறது.

1. லேஸ். குதிகாலைப் பின்சுவரில் தட்டி உட்கார வைத்துவிட்டு, கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரியாக இழுத்துக் கட்டுங்கள். போதாவிட்டால் பூட்டுக் கட்டு: மேலேயுள்ள கடைசி இரண்டு துளைகளுக்கு நடுவே அதே பக்கத்திலேயே லேஸைச் சிறு வளையமாக விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டுவது. நான் பார்த்ததில் பாதிப் பேருக்கு வேலை இதோடு முடிந்துவிட்டது.

2. புறங்காலுக்கும் ஷூவின் நாக்குக்கும் நடுவே காலி இடம். நாக்கின் உட்புறம் ஒட்டும் மெத்தைத் துண்டு ஒன்று வைத்தால் கால் பின்னுக்குத் தள்ளப்படும். குதிகாலில் ஒட்டும் மெத்தையை எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள். அது காலை இன்னும் முன்னே தள்ளும், விரல் இன்னும் இடிக்கும். அதைக் கடைசியில் வையுங்கள்.

3. மடிப்பு தப்பான இடத்தில் விழுகிறது. ஷூவைப் போட்டுக்கொண்டு குதிகாலைத் தூக்குங்கள். ஷூ மடியும் கோடும் உங்கள் பெருவிரல் அடிமூட்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கால் மொத்த நீளம் ஒன்றாக இருந்தாலும் குதிகாலிலிருந்து மூட்டு வரையுள்ள நீளம் ஆளுக்கு ஆள் மாறும். நல்ல ஷூ கடைகளில் இருக்கும் பிரானாக் என்ற உலோக அளவுப்பலகை இந்த நீளத்தையும் அகலத்தையும் சேர்த்தே காட்டும். மூட்டு தள்ளி விழுந்தால் எந்த மெத்தையும் காப்பாற்றாது. வேறு மாடல்தான் பார்க்க வேண்டும்.

லோஃபரில் இந்த அறிகுறி வந்தால் நேரத்தை வீணாக்காதீர்கள். இறுக்கிக் கட்ட அதில் எதுவும் இல்லை. புதிதாகப் போடும்போதே கொஞ்சம் பிடிப்பாக இருந்தால் மட்டும் வாங்கலாம். தோல் அகலத்தில் தளர்ந்து கொடுக்கும், நீளத்தில் தளராது.

அறிகுறி: புறங்காலை அழுத்துகிறது, பக்கம் பிதுங்குகிறது

லேஸ் துளைகள் உள்ள இரண்டு மடல்களும் கட்டிய பிறகு எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். மடல்கள் கீழே தைத்து மூடியிருந்தால் அது ஆக்ஸ்ஃபோர்டு. விரிய இடமே இருக்காது. மேலே தனியாக எழும்பி நின்றால் டெர்பி. உயர்ந்த புறங்காலுக்கும் அகலமான பாதத்துக்கும் டெர்பிதான். முறைப்படி ஆக்ஸ்ஃபோர்டு ஒரு படி உயர்ந்தது என்பார்கள். ஆபீஸில் அதைக் குனிந்து பார்க்கிறவர் யாரும் இல்லை.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால், வலிக்கும் இடத்துக்கு நேராக லேஸைக் குறுக்கே விடாமல் பக்கவாட்டிலேயே மேலே ஏற்றுங்கள். அடுத்து இன்சோலை மெல்லியதாக மாற்றலாம். அதற்கும் மேல், ஷூ தைப்பவரிடம் கொடுத்து விரிப்பானில் போடச் சொல்லலாம். உண்மையான தோல் கொஞ்சம் விரியும். செயற்கைத் தோல் வெளியே எடுத்ததும் பழைய நிலைக்கே வந்துவிடும், அல்லது பிளந்துவிடும்.

அறிகுறி: வழுக்குகிறது

இதை ஒரே பிரச்சினையாக நினைப்பதுதான் குழப்பம். எப்போது, எந்தத் தரையில், எந்த இடத்தில் சறுக்குகிறது என்று முதலில் பிரியுங்கள்.

*புதிதாக வாங்கிய அன்றே வழுக்குகிறது*

வார்ப்பில் செய்த ரப்பர் சோலின்மேல் அச்சிலிருந்து கழற்றப் பூசும் வழவழப்பு கொஞ்சம் ஒட்டியிருக்கலாம். சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காய விடுங்கள். பிறகு உப்புத்தாளால் மேலோட்டமாக ஒரு தேய்ப்பு. தோல் சோலுக்கும் இதே உப்புத்தாள் வைத்தியம் கொஞ்ச நாள் தாங்கும்.

*உலர்ந்த தரையிலும் வழுக்குகிறது*

முதலில் சோலைத் துடையுங்கள். நுண்ணிய தூசி படிந்த ரப்பர், எவ்வளவு நல்ல ரப்பரானாலும், பிடிக்காது. துடைத்த பிறகும் அப்படியே என்றால் சோல் எந்தப் பொருள் என்று பாருங்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது உள்வாங்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியை அழுத்துவது போல் இருந்தால் அது கடினமான பிவிசி வகையாக இருக்கும்; எத்தனை கோடு போட்டிருந்தாலும் பளபளத் தரையில் ஓடும். சோல் தோல் என்றால் ஷூ தைப்பவரிடம் முன்பாதத்தில் மெல்லிய ரப்பர் ஷீட்டும் குதிகாலில் ரப்பர் முனையும் ஒட்டச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு மி.மீ. கனம்தான், வெளியிலிருந்து தெரியாது. பிடித்த, பொருந்தும் ஷூவைத் தூக்கிப் போடாமல் காப்பாற்ற எனக்குத் தெரிந்த நல்ல செலவு இது.

*ஈரத் தரையில் மட்டும் வழுக்குகிறது*

சோலைத் திருப்பிப் பாருங்கள். கோடுகள் வெளி விளிம்பு வரை போய்த் திறந்திருக்கின்றனவா? திறந்திருந்தால் மிதிக்கும்போது தண்ணீர் பக்கவாட்டில் வெளியேறும். நடுவே அலங்காரமாக வெட்டி, சுற்றிலும் வழவழப்பான கரை விட்டிருந்தால் தண்ணீர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

அதைவிட முக்கியம் குதிகால். நடக்கும்போது முதலில் தரையைத் தொடுவது குதிகாலின் பின்விளிம்பு. ஆளை மல்லாக்கத் தள்ளுவது அந்த நொடியில் நடக்கும் சறுக்கல்தான். ஆபீஸ் ஷூக்களில் முன்பாதத்தில் அழகாகக் கோடு போட்டுவிட்டு, குதிகாலில் கம்பெனி பெயரை மட்டும் பொறித்து விட்டிருப்பார்கள். நான் கடையில் ஷூவைக் கையில் எடுத்தால் முதலில் குதிகாலைத்தான் திருப்பிப் பார்ப்பேன். விற்பனையாளர் விலைச் சீட்டைத் தேடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

வேலை ஷூ என்றால் குறியீட்டைப் படியுங்கள். பழைய முறையில் எஸ்ஆர்ஏ என்றால் சோப்புநீர் ஊற்றிய பீங்கான் ஓட்டில் சோதித்தது. எஸ்ஆர்பி என்றால் கிளிசரால் பூசிய எஃகில் சோதித்தது. எஸ்ஆர்சி என்றால் இரண்டிலும் தேறியது. 2022இல் தரவிதிகள் மாறின: சோப்புநீர் ஓட்டுச் சோதனை அடிப்படையாகிவிட்டது, கிளிசரால் ஊற்றிய ஓட்டிலும் தேறினால் கூடுதலாக எஸ்ஆர் என்று போடுகிறார்கள். 'எண்ணெய் தாங்கும்' என்ற வாசகத்தை வழுக்காது என்று படித்துவிடாதீர்கள். எண்ணெய் பட்டால் சோல் கெடாது என்பது மட்டுமே அதன் பொருள்.

*முன்பு நன்றாக இருந்தது, இப்போது வழுக்குகிறது*

தேய்மானம். குதிகாலின் பின்வெளி மூலையையும் பெருவிரல் மூட்டுக்கு அடியையும் தடவிப் பாருங்கள். கட்டைவிரல் ரேகை வைக்கும் அளவுக்கு வழவழப்பான திட்டு வந்திருந்தால், மழைநாளில் அந்த ஷூவை நான் எடுப்பதில்லை. குதிகால் மட்டும் தேய்ந்திருந்தால் முனை மாற்றலாம். முழுச் சோலும் ஒரே வார்ப்பாக இருந்தால் ஷூவையே மாற்ற வேண்டியதுதான்.

தேயாமலே வழுக்கினால் ரப்பர் வயதாகிக் கெட்டிப்பட்டிருக்கும். இதில் பெரிய கால்காரர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. பொருந்தும் ஷூ கிடைத்த மகிழ்ச்சியில் மூன்று ஜோடி வாங்கி, இரண்டைப் பெட்டியில் வைத்தவன் நான். சில வருடம் கழித்து மூன்றாவதைப் போட்டுக்கொண்டு ஒரு கூட்டத்துக்குப் போனேன். கூட்ட அறை முழுக்க என் பின்னாலேயே கறுப்புத் துகள். பாலியூரித்தேன் சோல் போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள் சிதையும். கையிருப்பு வைக்கலாம், ஆனால் முறை வைத்து எல்லாவற்றையும் போட்டு நடங்கள். அல்லது ரப்பர் சோல் உள்ளதை வாங்குங்கள்.

*படியில் மட்டும் தடுக்குகிறது அல்லது சறுக்குகிறது*

இது சோல் இல்லை, நீளம். அகலத்துக்காக நம்பர் ஏற்றி வாங்கிய ஷூவின் காலி மூக்கு படியின் விளிம்பில் மாட்டும். முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போங்கள்.

*ஷூ நிற்கிறது, கால் உள்ளே ஓடுகிறது*

வழவழப்பான இன்சோல், மெல்லிய நைலான் சாக்ஸ். இரண்டில் ஒன்றை மாற்றினால் போதும்.

அறிகுறி: படகு மாதிரி தெரிகிறது

மூக்கின் வடிவத்தை முதலில் பாருங்கள். கூராக நீண்ட மூக்கு, ஏற்கெனவே நீளமான ஷூவை இன்னும் இரண்டு விரற்கடை நீட்டும். முழுக்கச் சதுரமானது பெட்டி மாதிரி ஆகிவிடும். மென்மையாக உருண்ட மூக்குதான் நமக்கு. குறுக்கே ஒரு தையல் கோடு உள்ள மாடல் நீளத்தை இரண்டாக வெட்டிக் காட்டும். ஒட்டு எதுவும் இல்லாத வழவழப்பான முன்பகுதி முழு நீளத்தையும் ஒரே மைதானமாகக் காட்டும். கறுப்பு, அடர் பழுப்பு, கண்ணாடிப் பளபளப்பு இல்லாத பாலிஷ். சோலின் விளிம்பு மேல்தோலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் காலைப் பெரிதாக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் செலவில்லாத ஒன்றைப் பாருங்கள்: உங்கள் பேன்ட். கணுக்காலில் ஒட்டிப் பிடிக்கும் பேன்ட்டுக்குக் கீழே எந்தப் பெரிய ஷூவும் படகுதான். கால்முனை கொஞ்சம் அகன்று, ஷூவின் மேல்பகுதியை மூடி விழுந்தால் பாதி நீளம் மறைந்துவிடும். நான் இரண்டு ஜோடி ஷூ மாற்றிய பிறகுதான் தையற்காரரிடம் போக வேண்டும் என்று எனக்குப் புரிந்தது.

அறிகுறி: நடந்தால் கிறீச்சிடுகிறது

இன்சோலுக்கு அடியில் கொஞ்சம் பவுடர். நிற்காவிட்டால் நாக்கு உரசுமிடம். அதுவும் இல்லை, நடு சோலிலிருந்து சத்தம் வருகிறது, ஷூவை முறுக்கினால் துணி பிழிவது போலத் திரும்புகிறது என்றால் உள்ளே இருக்கும் தாங்குபட்டை உடைந்திருக்கும். நீளமான ஷூவில் அதன்மேல் சுமை அதிகம். அதைப் பிரித்துச் சரிசெய்வது பெரும்பாலும் லாபமில்லை.

அறிகுறி: ஷூ எல்லாம் சரி, மாலையில் கால்தான் வலிக்கிறது

நுரை இன்சோல் அமுங்கிப்போயிருக்கிறதா பாருங்கள். விரலால் அழுத்தினால் எழும்பி வர வேண்டும். எழும்பாவிட்டால் மாற்றுங்கள். ஒரே ஜோடியைத் தினமும் போடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் ஈரம் காய்ந்து, ஷூவும் கூடுதலாக உழைக்கும்.

இவற்றில் ஏதாவது இருந்தால் ஷூ தேடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்:

- காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலில் குத்தும் வலி, வாரக்கணக்கில் தொடர்ந்தால்.
- பெருவிரல் மூட்டு வெளியே புடைத்து, விரல் மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்துகொண்டே போனால்.
- சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பாதத்தில் மரத்த உணர்வு இருந்தால், சின்னக் கொப்புளம் ஆறாமல் இருந்தால். ஷூ கடிப்பதே இவர்களுக்குத் தெரியாது என்பதால், புது ஷூ போட்ட முதல் நாட்களில் மாலையில் பாதத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.
- ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால். இதற்கு அன்றைக்கே போக வேண்டும்.

இன்னொன்று அபூர்வம், ஆனால் பெரிய கால்காரர்கள் கவனிக்காமல் விட்டுவிடக்கூடியது. வயது கூடும்போதோ கர்ப்ப காலத்திலோ பாதம் கொஞ்சம் அகன்று நீள்வது சாதாரணம். வளர்ச்சி நின்று பல வருடம் ஆன பிறகும் ஷூ நம்பர் ஏறிக்கொண்டே போனால் அது வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதால் இருக்கலாம். "நமக்குத்தான் எப்போதுமே பெரிய கால் ஆச்சே" என்று விட்டுவிடாதீர்கள். மோதிரமும் இறுகுகிறதா என்று மருத்துவர் கேட்பார். போகும் முன் அதையும் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.